எட்டயபுரத்துப் பிள்ளைக்கு ஊரைப் பற்றி என்ன சொல்வது?

கரிசல்மகள்:

வணக்கம். எட்டயபுரம், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்து ஆட்கள் இங்கே நிறையப் பேர் எழுதுகிறீர்கள். அதனால் கேட்கிறேன்.

என் மகள் வெளியூரில் கல்லூரி முதலாண்டு படிக்கிறாள். விடுதியில் ஊர் பேர் கேட்டிருக்கிறார்கள். எட்டயபுரம் என்றாளாம். "ஓ, எட்டப்பன் ஊரா? அப்ப உன்கிட்ட ரகசியம் எதுவும் சொல்லக் கூடாது" என்று ஒருத்தி சொல்ல, அறையே சிரித்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி போனில், "அம்மா, நம்ம ஊர்ல பாரதியார் வீட்டத் தவிர வேற என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு வாயில் பதில் வரவில்லை. கல்யாணமாகிப் போகிற வரைக்கும் இருபத்திரண்டு வருஷம் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான். அதுதான் உறுத்துகிறது.

பொங்கலுக்கு ஆச்சி வீட்டுக்கு வருகிறாள். மூன்று நாள் இருப்பாள். என்ன காட்ட, என்ன சொல்ல?

இளசை வாத்தியார்:

அம்மா, உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தியவன் என்ற முறையில் அந்த வசவுச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

எட்டப்பன் என்பது ஓர் ஆளுடைய பெயர் இல்லை. எட்டயபுரம் பாளையக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தரித்த பட்டப்பெயர். சந்திரகிரிப் பக்கமிருந்து வந்த முன்னோர் ஒருவர் சோமன் என்ற மல்லனை வீழ்த்தினாராம். ஆதரவில்லாமல் நின்ற அவன் தம்பிமார் எட்டுப் பேரையும் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டதால் எட்டப்பன் ஆனார் என்பது அந்த வம்சத்தார் சொல்லிவரும் கதை. அநாதைகளைத் தூக்கி வளர்த்தவன் என்ற பொருளில் பிறந்த பேர், காட்டிக்கொடுத்தவன் என்ற பொருளில் வந்து நிற்கிறது. ஊருக்குப் பழைய பேர் இளசை. என் பேருக்கு முன்னால் நான் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் பிள்ளையிடம் சொல்லுங்கள். கட்டபொம்மன் காலத்துக்கு ஒரு தலைமுறை முன்னால், 1750-களில், யூசுப்கான் நடத்திவந்த கும்பினிப் படையை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை, எதிர்த்து நின்று உயிரைக் கொடுத்தவர் கட்டாலங்குளம் அழகுமுத்துக்கோன். அவர் போராடியது எட்டயபுரம் பாளையத்துக்காக. பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள் என்பதுதான் இன்றைக்கும் சுற்றுவட்டாரத்தில் சொல்லப்படுவது. வருஷா வருஷம் ஜூலை 11-ஆம் தேதி கட்டாலங்குளத்தில் அவருக்கு மாலை போடுகிறார்கள். அந்தப் பேரைச் சொல்லி யாராவது எட்டயபுரத்தானைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஓட்டப்பிடாரத்தான்:

வாத்தியார் ஐயா, மரியாதையோட ஒரு வார்த்தை. அழகுமுத்துக்கோனைச் சொன்னீங்க, சந்தோஷம். 1799-ஐத் தாண்டிக் குதிச்சிட்டீங்களே?

வெள்ளைக்காரத் தளபதி பானர்மனோட படை கட்டபொம்மனோட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை அடிச்சப்போ எட்டயபுரத்துப் படை யார் பக்கம் நின்னுச்சு? கட்டபொம்மன் தப்பிச்சுப் போனப்போ விரட்டிக்கிட்டுப் போனது யாரு? அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றுல தூக்குல போட்டாங்க. அதுக்கப்புறம் பாஞ்சாலங்குறிச்சிச் சீமையைக் கூறு போட்டு, கும்பினிக்கு ஒத்தாசை செஞ்ச பாளையங்களுக்குக் கொடுத்தாங்க. அதுல எட்டயபுரத்துக்கும் பங்கு உண்டு. 1801-ல அவரு தம்பி ஊமைத்துரையும் விழுந்த பிறகு எங்க கோட்டையைத் தரைமட்டமாக்கினாங்க. இப்ப நீங்க பாக்குறது 1974-ல கட்டுன நினைவுக் கோட்டை.

அந்தப் பிள்ளைகிட்ட இதை மறைச்சிட்டு மத்ததைச் சொன்னா, நாளைக்கு வேற எவனாவது சொல்லுவான். அப்ப அவளுக்கு இன்னும் வலிக்கும்.

இளசை வாத்தியார்:

தம்பி சொல்வது சரி. நான் குதித்திருக்கக் கூடாது.

ரெண்டு பாளையத்துக்கும் எல்லைத் தகராறு பழைய பகை. வெள்ளைக்காரன் அந்தப் பகையைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டான். கட்டபொம்மனைக் கடைசியில் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். ஆனால் அதைக் காட்டி எட்டயபுரம் அரண்மனையை விடுவிக்க முடியாது. அரண்மனை கும்பினி பக்கம் நின்றது, லாபம் பார்த்தது. பாளையம் 1803-ல் ஜமீன் ஆனது. 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டம் வருகிற வரை அந்தச் சொத்து நின்றது.

நான் பிள்ளையிடம் சொல்ல நினைப்பது இதைத்தான்: அன்றைக்கு முடிவெடுத்தது அரண்மனை. தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிய நெசவாளியையும், கரிசலில் பருத்தி எடுத்தவளையும் யாரும் கேட்டு முடிவெடுக்கவில்லை. ஜமீன் போய் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வசவு மட்டும் குடிசனத்தின் தலையில் நிற்கிறது. 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' சினிமாவுக்குப் பிறகுதான் அந்தச் சொல் தமிழ்நாடு முழுக்கப் போனது என்று என் அப்பா சொல்வார். அதற்கு முன்னால் எட்டயபுரம் என்றால் வெளியூர்க்காரன் சேலை விலை கேட்பானாம்.

ஓட்டப்பிடாரத்தான்:

இதை ஒத்துக்கிடுதேன் ஐயா. எங்க பெரியம்மா எட்டயபுரத்துல வாக்கப்பட்டவங்கதான். சண்டைக்கு வரல.

தார்க்குச்சி:

சேலை விலைன்னு வாத்தியார் எழுதினதப் பாத்ததும் எழுதணும்னு தோணிச்சு. நான் தறிக்காரர் மகன். இப்ப திருப்பூர்ல இருக்கேன்.

அக்கா, உங்க மகளைக் காலைல அஞ்சரைக்கு எழுப்பி நெசவாளர் தெருவுக்குக் கூட்டிட்டுப் போங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பாவை நீளமாத் தெருவுல கட்டிக் கஞ்சி போட்டுத் தேய்ப்பாங்க. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல தெரு முழுக்க இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் பாவுதான். சைக்கிள்ல வர்றவங்க எறங்கித் தள்ளிக்கிட்டுப் போவாங்க. இப்ப ஒண்ணு ரெண்டு நாள்தான் பாக்க முடியும். முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

அப்புறம் எங்க அம்மா வேலையப் பாக்கச் சொல்லுங்க. ஒரு பாவு முடிஞ்சா, பழைய இழையோட நுனியில புது இழைய வச்சு முறுக்கணும். ஒவ்வொரு இழையா. ஆயிரக்கணக்குல இருக்கும். பக்கத்துல ஒரு தேங்காச் செரட்டையில சாம்பல் வச்சிருப்பாங்க. விரல் வழுக்காம இருக்க அதைத் தொட்டுத் தொட்டு முறுக்குவாங்க. அம்மாவோட வலது கை பெருவிரல்லயும் ஆள்காட்டி விரல்லயும் ரேகையே கிடையாது. ரேஷன் கடை மிஷின்ல கைய வச்சா எடுக்காது. "உங்க அம்மாவுக்குக் கையே இல்லன்னு மிஷின் சொல்லுதுய்யா"ன்னு ஒரு நாள் சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

எங்க வீட்டுத் தறிக்குழியில இப்ப சிலிண்டர் வச்சிருக்கோம். பக்கத்து வீட்டுல அம்மா கூலிக்கு முறுக்குறாங்க. நூல் விலை ஏறுது, கூலி ஏற மாட்டேங்குது, விசைத்தறிச் சேலை பாதி விலைக்கு வருது. அப்பா போன பிறகு நான் தறியில உக்காரல. அதுக்காக இன்னைக்கும் மனசு கேக்குது.

நெல்லைத் தம்புரா:

நான் எட்டயபுரத்துக்காரி இல்லை. பாளையங்கோட்டை. ஆனால் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் எட்டயபுரம் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் தீபாவளி நாளன்றுதான் அங்கே காலமானார். சமாதி அங்கேதான். சிஷ்யர்கள் பூர்விகல்யாணி ராகத்தில் அவருடைய 'மீனாக்ஷி மே முதம்' பாடிக்கொண்டிருக்கையில் உயிர் பிரிந்தது என்பார்கள். வெளியூரிலிருந்து பாடகர்கள் வருவார்கள், உட்கார்ந்து பாடுவார்கள், போய்விடுவார்கள். மைக் இருக்காது. பக்கத்து வீட்டு ஆச்சி ஒருத்தர் ஒவ்வொரு வருஷமும் மோர் கொண்டுவந்து தருவார். "இன்னைக்கு யார் பாடினாக?" என்று கேட்டுக்கொள்வார்.

உங்கள் மகளுக்கு இதையும் சொல்லுங்கள். கர்நாடக சங்கீதத்துக்குள் வயலினைக் கொண்டுவந்த அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான். பாலுசுவாமியின் பேரனாகப் பிறந்து மகனாகத் தத்துப்போன சுப்பராம தீட்சிதர்தான் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை எழுதினார். 1904-ல் அச்சானது. தெலுங்கு எழுத்தில், 1,700 பக்கம் அளவுக்கு. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் 229, சுரக்குறிப்போடு. சுரத்தை அசைத்துப் பாடுகிற கமகத்துக்கெல்லாம் தனித்தனிக் குறி வைத்து ஒவ்வொரு வரியையும் கோத்திருக்கிறார்கள். அச்சடித்த இடம் சென்னை இல்லை, தஞ்சாவூர் இல்லை. எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சுக்கூடம். இன்றைக்கு உலகத்தில் எந்த மூலையில் தீட்சிதர் கீர்த்தனையின் பாடபேதத்துக்குச் சண்டை வந்தாலும் அந்தப் புத்தகத்தைத்தான் திறக்கிறார்கள். ரயிலே வராத ஓர் ஊரில், ஈய எழுத்தைக் கையால் கோத்து அதைச் செய்திருக்கிறார்கள்.

மேலவாசல்:

பாரதியத் தவிர என்னன்னு கேட்டீங்க, ஆனா பாரதியப் பத்தியே பாதிதான் சொல்லிக்கொடுத்திருக்கோம். பதினொரு வயசுல அரண்மனைச் சபையில பாரதிங்கிற பட்டம் வாங்கினாரு, சரி. அதே சபையில அதே பட்டத்தை வாங்கின இன்னொரு பையனும் எங்க ஊர்தான். சோமசுந்தர பாரதி. 1879-ல பொறந்தவரு, சுப்பிரமணியனுக்கு மூணு வயசு மூத்தவரு. ஈழத்துலேர்ந்து வந்த புலவர் ஒருத்தர்தான் ரெண்டு பேருக்கும் பாரதின்னு பட்டம் சூட்டினாரு. சோமசுந்தர பாரதி பிற்பாடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல தமிழ்ப் பேராசிரியர், 1937-38 இந்தி எதிர்ப்புல முன்னாடி நின்ன ஆளு.

சீறாப்புராணம் பாடின உமறுப்புலவர் அடக்கமும் எட்டயபுரத்துலதான். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் சமஸ்தானப் புலவர் கடிகைமுத்துப் புலவர். ஒரே ஊர்ல தீட்சிதர் சமாதி, உமறுப்புலவர் தர்கா, பாரதி வீடு. நடந்தே பாத்துடலாம்.

இளசை வாத்தியார்:

மேலவாசல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பாரதியின் அப்பா சின்னசாமி ஐயர் அரண்மனை உத்தியோகத்தோடு நிற்கவில்லை. கரிசல் பருத்தியை நம்பி எட்டயபுரத்தில் இயந்திரம் வைத்து ஆலை போட்டார். நொடித்துப் போனார். அந்த நட்டத்திலேயே மனம் உடைந்து 1898-ல் இறந்தார். மகனுக்கு அப்போது பதினாறு வயதுகூட முடியவில்லை. அதே மகன் 1919-ல் கையில் காசில்லாமல் எட்டயபுரம் ராஜாவுக்கு உதவி கேட்டுச் சீட்டுக்கவி, அதாவது பாட்டாகவே ஒரு கடிதம், எழுதினார். அரண்மனையிலிருந்து உதவி வரவில்லை. தீட்சிதர் குடும்பத்தைத் தாங்கிய அதே அரண்மனை.

அவர் போய் இருபத்தாறு வருஷம் கழித்து, 1947 அக்டோபரில் மணிமண்டபம் திறந்தார்கள். கல்கி கேட்டு, ஜனங்கள் அனுப்பிய பணத்தில் எழும்பியது. ராஜாஜி வந்து திறந்தார். அப்பா ஆலை நொடித்த ஊரில் இன்று மகன் பேரில் கூட்டுறவு நூற்பாலை ஓடுகிறது. அந்த ஆலைச் சங்கு ஊதுகிற நேரத்தில் பிள்ளையை அங்கே நிறுத்தி இதைச் சொல்லுங்கள்.

மேலவாசல்:

ஐயா, 2025 மார்ச்சுல பாரதி வீட்டு மாடிக் கூரையில ஒரு பகுதி இடிஞ்சு விழுந்த செய்தியப் பாத்ததும் எங்க அத்தை சாப்பிடாமப் படுத்துட்டாங்க. வெளியூர்க்காரங்க எவ்வளவோ பேர் வந்து பாக்குற வீடு. மழைத் தண்ணி எறங்குதான்னு ஏறிப் பாக்க ஆளில்லாம இருந்திருக்கோமே.

பொட்டாட்டுக்காரன்:

எல்லாரும் செத்தவுகளப் பத்தியே பேசுதீக. உசிரோட இருக்குறதப் பாக்க வேண்டாமா?

தாயி, சனிக்கெழம ஆட்டுச் சந்தைக்குப் பாப்பாவக் கூட்டிட்டு வாங்க. விடியுறதுக்கு முன்னாடி வரணும், ஏழு மணிக்கு மேல வந்தா மிச்சம் மீதிதான். பொங்கலுக்கு முந்தின சந்தைன்னா கால் வைக்க எடம் இருக்காது. மதுர, தேனி, நாகர்கோயில் வரைக்கும் வண்டி வரும்.

பாப்பாவுக்கு ஆட்டச் சொல்லிக்கொடுக்கணும். கன்னி ஆடுன்னா வெள்ளாடு. கருப்பு ஒடம்பு, மொகத்துல ரெண்டு பக்கமும் கோடு எறங்கும். கோடு வெள்ளையா இருந்தாப் பால்கன்னி, செவப்பா இருந்தாச் செங்கன்னி. இது கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசலுக்கே உண்டான ஆடு. ரெண்டு குட்டி சர்வ சாதாரணமாப் போடும். பொட்டு ஆடுன்னா செம்மறி. வெள்ளை ஒடம்புல செவப்புப் பொட்டு தெளிச்சாப்ல இருக்கும். வேம்பூர் ஆடுன்னு படிச்சவுக சொல்லுவாக. வேம்பூரு நம்ம பக்கத்து ஊருதான். எங்கிட்ட அறுவது உருப்படி நிக்கி.

வயசு தெரியணும்னா கீழ்த்தாடையப் பெருவெரலால தாத்திப் பாக்கணும். பால் பல்லு விழுந்து பெரிய பல்லு ரெண்டு மொளைச்சிருந்தா ரெண்டு பல்லு, ஒரு வருசம் தாண்டிருச்சின்னு அர்த்தம். அப்புறம் நாலு, ஆறு, எட்டு. பெரிய பல்லு எட்டும் மொளைச்சிட்டா கடை சேந்துருச்சும்போம். ஏவாரி வாயால வெல சொல்ல மாட்டாரு. துண்டப் போட்டு மூடிக்கிட்டு உள்ள வெரலப் பிடிப்பாரு. நானும் வெரலப் பிடிச்சுப் பதில் சொல்லணும். பக்கத்துல நிக்கவனுக்குத் தெரியாது. எங்க அய்யா எனக்குப் பத்து வயசுல அவுக வெரலப் பிடிக்கச் சொல்லிப் பழக்குனாக. எழுத்துப் படிக்கிறதுக்கு முன்னாடி அதப் படிச்சேன்.

மேய்ச்ச நெலந்தான் கொறஞ்சு போச்சு. சூரிய ஒளித் தகடு போட வேலி அடைச்சிட்டாக. பழைய வண்டிப் பாதையெல்லாம் சுத்திப் போக வேண்டியிருக்கு. இந்த வருசம் ரெண்டு கெடாய விக்கணும். சந்தையில என்னயப் பாத்தா பச்சைத் துண்டு.

மானாவாரி:

பொட்டாட்டு அண்ணாச்சி சொன்ன பிறகு விவசாயத்தைச் சொல்லாமல் விட முடியாது. எங்களுக்கு ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. வடகிழக்குப் பருவமழை ஒன்றுதான். புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே உளுந்து, பாசி, மக்காச்சோளம் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். மழை பத்து நாள் பிந்தினால் எறும்பும் புறாவும் விதையைத் தின்றுவிடும். மறுபடி கடன் வாங்கி விதைக்க வேண்டும்.

கம்பும் சோளமும் போட்ட காடு மக்காச்சோளக் காடாகிவிட்டது. 2018-ல் படைப்புழு வந்தது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்னும். மரத்தூள் மாதிரி எச்சம் கிடக்கும், குருத்தைப் பிரித்தால் உள்ளே ஒற்றைப் புழு. 2023 டிசம்பர் 17, 18-ல் வந்த மழையை யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. எங்கள் கரிசலில் தண்ணீர் இறங்காது. பத்து நாள் நின்றது. பூவும் பிஞ்சுமாக நின்ற உளுந்து வேரோடு அழுகியது. காப்பீட்டுப் பணம் வந்தபோது அடுத்த விதைப்பே முடிந்திருந்தது.

இதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். பொங்கலுக்கு வந்தால் உளுந்து நெற்று முற்றியிருக்கும். ஒரு கைப்பிடி உரித்து வாயில் போடச் சொல்லுங்கள்.

தார்க்குச்சி:

பஸ் விசயம் ஒண்ணு. மதுரை - தூத்துக்குடி நாலு வழிச் சாலையில வர்ற வண்டி எல்லாம் ஊருக்குள்ள வராது, வெளிய பாலத்துக்கிட்ட இறக்கி விட்டுருவாங்க. பிள்ளை ராத்திரி வந்தா கோவில்பட்டி வந்து மாறச் சொல்லுங்க. போன தீபாவளிக்கு எங்க அம்மாவுக்கு மருந்து வாங்கிட்டு ரெண்டு மணிக்கு அந்த இருட்டுல நடந்தேன்.

கரிசல்மகள்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பொங்கல் முடிந்து மகள் நேற்றுதான் கிளம்பினாள். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சந்தைக்கு நாலரைக்கே போய்விட்டோம். பச்சைத் துண்டு அண்ணாச்சியைக் கண்டுபிடித்தோம். ஒரு கன்னிக் குட்டியின் வாயைத் திறந்து இவளே பார்த்தாள். "அம்மா, இன்னும் பால் பல்லு" என்றாள். அண்ணாச்சி துண்டுக்குள் கையை நீட்டச் சொல்லி, விரல் பிடித்து விலை சொல்லிக்கொடுத்தார். கிடாய் ரெண்டும் விற்றுப் போனது, ஆனால் ஒன்றின் கயிற்றைக் கொடுக்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை இவள் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவில்லை.

தார்க்குச்சி தம்பி, உங்கள் அம்மா வீட்டில்தான் ரொம்ப நேரம் இருந்தோம். உங்கள் அம்மா இவள் விரலைப் பிடித்துச் சாம்பலைத் தொட வைத்து நாலு இழை முறுக்க விட்டார்கள். மூன்று பிரிந்துபோனது. ஒன்று நின்றது. "இது உன் இழைதான், சேலையில போகும்" என்றார்கள். எந்தச் சேலை, எங்கே போகும் என்று இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். உங்கள் அம்மா உங்களைப் பற்றித்தான் பேசினார்கள். சித்திரைக்கு வருவீர்களா என்று கேட்கச் சொன்னார்கள்.

தீட்சிதர் சமாதியில் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். 1799 கதையை வாத்தியார் ஐயாவும் ஓட்டப்பிடாரத்துத் தம்பியும் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். இரண்டு பக்கமும். "யாராவது மறுபடி கேட்டா ரெண்டையும் சொல்லுவேன்" என்றாள். பயணப் பையில் ஆச்சி கொடுத்த முறுக்கை எடுத்துவிட்டு உளுந்து நெற்றை ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

தார்க்குச்சி:

அக்கா, படிச்சேன். சித்திரைக்கு வர்றேன்னு அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்.

பொட்டாட்டுக்காரன்:

தாயி, பாப்பா கெட்டிக்காரி. தை மாசப் பச்சையத்தான் பாத்துருக்கு. ஆனி ஆடியில ஒருக்கக் கூட்டிட்டு வாங்க. காத்து வீசும், கரிச காஞ்சு வெடிச்சுக் கெடக்கும். வெடிப்புக்குள்ள என் கம்பு பாதி எறங்கும். அதையும் பாக்கட்டும். ரெண்டு பல்லு ஆடு ஒண்ணு அவ பேரச் சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன்.